உருளை மெஷினும் மூன்று தண்ணீரும்

1

எனக்கு அருவருப்பு அதிகம். காஞ்சிபுரத்தில் என் தம்பி சலீம் சின்ன வயதிலேயே எனக்கு 'சீ அக்கா' என்று பேர் வைத்துவிட்டான். எச்சில் தட்டைக் கண்டால் சீ, ஈரத் தரையில் ஒட்டிய முடியைக் கண்டால் சீ, டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் வேர்வையோடு சாய்ந்தால் சீ. இப்படிப்பட்டவளை அல்லாஹ் கனடாவுக்குக் கொண்டுவந்து, ஹோட்டலில் அடுத்தவர் படுத்தெழுந்த படுக்கை விரிப்பை உருவுகிற வேலையில் போட்டான். அவன் கணக்கு அவனுக்குத்தான் தெரியும்.

போன வாரம் என் கராஜில் ஒன்று நடந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தொண்டையில் மீன் முள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் மறுநாள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கராஜில் கார் கிடையாது. அது வாசலில் பனியில் கிடக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் பழைய வாஷிங் மெஷின்களும் ட்ரையர்களும். பச்சை நிறத்தில் ஒரு டாப் லோடு, ஒரு பக்கம் துவைத்து மறுபக்கம் பிழிகிற இரட்டைத் தொட்டி மெஷின், வெண்ணெய் நிறத்தில் பீரோ அளவுக்கு ஒரு ட்ரையர், உதிரிபாகத்துக்காக வாங்கிப் போட்ட இன்னும் சில. எல்லாவற்றுக்கும் ராணி மாதிரி நடுவில் ஒன்று நிற்கிறது. நான்கு கால், வெள்ளை எனாமல் பூசிய தொட்டி, அதன் தலையில் இரண்டு ரப்பர் உருளைகள். துணியை உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் கரும்பு ஜூஸ் வண்டியில் கரும்பு போகிற மாதிரி உள்ளே போய், தட்டையாக, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்தப் பக்கம் வந்து விழும். என்னைவிட வயதில் பெரிய மெஷின். இன்றைக்கும் ஓடுகிறது.

"பழைய இரும்புக்காரனைக் கட்டியிருந்தா நல்லா வாழ்ந்திருப்பே" என்பார் என் வீட்டுக்காரர் ஹமீது. அவர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரும்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

2

இந்தப் பைத்தியம் அருவருப்பில்தான் தொடங்கியது. வந்த புதிதில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், நிலவறைக்குப் போய்த்தான் துணி துவைக்க வேண்டும். காசு போட்டால் ஓடும் மெஷின்கள். கதவைத் திறந்து கையை விட்டால் யாருடையதோ ஈர உள்ளாடை விரலில் சுற்றிக்கொள்ளும். ட்ரையரின் வலையில் நாய் முடியும் பஞ்சும் சேர்ந்து ஒரு கம்பளியாகவே படிந்திருக்கும். அதை உரித்து எறிந்த கையால் சோறு பிசைய மனம் வராமல் எத்தனையோ நாள் ஸ்பூனில் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு வீடு வாங்கினோம். அதற்குப் பளபளவென்று ஒரு ஃபிரண்ட் லோடு மெஷினும் வாங்கினார் ஹமீது. ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துத் துணியையே உருட்டுகிற ஜாதி அது. கதவைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் குட்டையில் எருமை புரள்கிற மாதிரி துணிகள் தங்கள் அழுக்கிலேயே புரண்டுகொண்டிருந்தன. கொஞ்ச நாளில் ஒரு வாடை. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் மடிப்பை விரலால் பிரித்தேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று, கோழிக் குடல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. சீ! துவைக்கிற மெஷினா அது? பல் விளக்காத வாய்!

எங்கள் வீட்டுச் சட்டம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். துணியில் அசுத்தம் பட்டால் மூன்று தண்ணீரில் அலச வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்கும் பலம் கொண்ட மட்டும் பிழிய வேண்டும். மூன்றாவது பிழிதலோடு துணி 'பாக்', மார்க்கப்படி சுத்தம். உடுத்திக்கொண்டு தொழலாம். அதற்குப் பிறகு அந்தத் துணிக்குப் பழைய கதை கிடையாது. மூத்திரம் பட்டதா, ரத்தம் பட்டதா என்று யாரும் நினைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இவ்வளவு அருவருப்பை வைத்துக்கொண்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். எங்கேயாவது ஓரிடத்தில் 'போதும், சுத்தம்' என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

பூட்டிக்கொள்கிற மெஷினில் எத்தனை தண்ணீர் போனது என்று யார் கண்டது? அதை விற்றுவிட்டு, விளம்பரம் பார்த்து பீட்டர் என்ற கிழவரிடம் பச்சை டாப் லோடை வாங்கினேன். மூடியைத் தூக்கினால் தொட்டி நிறைய தண்ணீர். கண்ணால் பார்க்கலாம், கையை விடலாம், அழுக்காக இருந்தால் இன்னொரு தண்ணீர் விடலாம். அன்றைக்கு அந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன் என்றால் நம்புவீர்களா? பீட்டருக்கு ஒரு கோஷ்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடி, மெஷின்களைத் துணியே போடாமல் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை ரசிப்பார்கள். துணி போடாமல்! குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களைக்கூட நான் புரிந்துகொள்வேன். அந்த கோஷ்டியில் ஒருவர் செத்தபோதுதான் உருளை மெஷின் எனக்குக் கிடைத்தது.

3

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜைனப் மாமி. வாணியம்பாடிப் பக்கம். நான் ஹோட்டல் வேலைக்குப் போன வருஷங்களில் என் மகள் நிலோஃபரை மாமிதான் வளர்த்தார். நல்ல மனுஷி. ஆனால் வெற்றிலை போடுவார். இந்த ஊர்க் குளிரில் எங்கேதான் வெற்றிலை கிடைக்குமோ, வாய் நிறைய இருக்கும். துப்புவதற்குக் கையிலேயே ஒரு காபி டம்ளர் வைத்திருப்பார். காரில் ஏறினால் என் கண் அந்த டம்ளர் மேல்தான் இருக்கும். வளைவில் திரும்பும்போதெல்லாம் கலிமா சொல்லிக்கொள்வேன்.

இங்கே நம் பெண்கள் யாராவது இறந்துபோனால் பள்ளிவாசலில் மய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் கிடைப்பதில்லை. பிரியாணிக்கு அண்டா அண்டாவாக ஆள் வரும். குளிப்பாட்டக் கூப்பிட்டால் ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்குப் பரீட்சை. மாமி மட்டும் போவார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மெஹரு, நீ வெறும் தண்ணி ஊத்து போதும். தொடறதெல்லாம் நான் பார்த்துக்கறேன்பா."

தண்ணீர் ஊற்றத்தான் போனேன். போன பிறகு எங்கே சும்மா இருப்பது? ஹோட்டல் விரிப்பைத் தொடுவதற்குக் கூசுகிற கை, இறந்தவர் உடம்பில் கூசவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. துடைத்த துண்டுகளையும் மேலே போர்த்திய துணிகளையும் யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. எல்லாப் பெண்களும் கூரையைப் பார்த்தார்கள். சிலர் குப்பையில் போடலாம் என்றார்கள். ஒரு மனுஷியைக் கடைசியாகத் தொட்ட துணி, மீன் செதிலோடும் டயபரோடும் குப்பை வண்டியில் போவதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொடுங்கள் இப்படி என்று வாங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் துணிகள் என் உருளை மெஷினில்தான் மூன்று தண்ணீர் காண்கின்றன.

4

நிலோஃபருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் ஸாரா. மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் தினமும் குழந்தையை என்னிடம் விடுவாள். அந்தக் குழந்தையின் மூக்குச் சளியை நான் விரலால் எடுத்திருக்கிறேன். நான்! அது கக்கிய பாலை என் முந்தானையால் துடைத்துக்கொண்டு அப்படியே சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். "சீ அக்கா செத்துட்டா, இது வேற யாரோ" என்று சலீம் வீடியோவில் சிரித்தான். குழந்தையின் துணிகளையும் உருளை மெஷினில்தான் துவைத்தேன். அதைப்போல் பிழிகிற மெஷின் வேறு கிடையாது.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து ஆள் வந்தான். எங்கள் வீட்டில் செலவாகிற தண்ணீரைப் பார்த்து, வீட்டிலேயே சலவைக் கடை நடத்துகிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். இந்த ஊரில் கொடி கட்டி வெயிலில் துணி காயப்போட்டால் தெருவின் அழகு கெட்டுவிடும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடுதாசி வரும். தண்ணீர் விட்டு அலசினால் நகராட்சியிலிருந்து வரும். மனுஷனை அழுக்காகவே இருக்கச் சொல்கிறார்கள், வாசனைத் தாள் மட்டும் ட்ரையரில் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

வந்தவன் சின்ன வயசுக்காரன். கராஜைப் பார்த்து விழித்தான். இதெல்லாம் எதற்கு என்று கேட்டான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து உருளை மெஷினிடம் நின்றேன். அவசரத்தில் என் இங்கிலீஷ் எப்போதும் காலை வாரிவிடும். 'இது செத்துப்போனவர்களைத் துவைக்க' என்று சொல்லிவிட்டேன். அவன் உருளைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டடி பின்னால் போனான்.

குழந்தையை அழைத்துப்போக வந்த நிலோஃபர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். ஆளையெல்லாம் இல்லை, துணியைத்தான், பள்ளிவாசல் சேவை என்று அவள் அழகான இங்கிலீஷில் விளக்கிச் சமாளித்தாள். வியாபாரம் இல்லை என்று அவன் எழுதிக்கொண்டு போனான். அவன் போனதும்தான், தான் என்ன விளக்கினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அம்மா. நீ மய்யித்தைக் குளிப்பாட்டப் போறேன்னு தெரியும். அந்தத் துணி இங்கயா வருது?"

"பின்ன எங்க வரும்?"

"ஸாரா துணியும் இதுலதானே போடறே?"

"மூணு தண்ணி விட்டுப் பிழிஞ்சாச்சுடி. பாக்."

"பாக் ஓகேம்மா. க்ளீன் இல்ல."

அந்த ஒரு வார்த்தையில் என் ரத்தம் கொதித்தது. எத்தனை தண்ணீர் விட்டால் உனக்கு க்ளீன் என்று கேட்டேன்.  "என்னால முடியலம்மா, நெனச்சாலே உடம்பு கூசுது" என்றாள். குழந்தை மேலிருந்த சட்டையை அங்கேயே கழற்றி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தன் ஸ்வெட்டருக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் துணிகள் இந்த வீட்டுக்கு வருவது நிற்கிற வரைக்கும் ஸாரா வர மாட்டாள் என்று மறுநாள் போனில் சொன்னாள். காப்பகத்தில் சேர்த்துவிட்டாளாம்.

காப்பகம்! பத்துப் பிள்ளைகள் ஒரே பொம்மையைச் சப்புகிற இடம் அது. அது க்ளீன்!

5

ஹமீது சமாதானத்துக்கு வந்தார்.

"மெஷின்தான் இத்தனை இருக்குதே. ஒண்ணை அதுக்குன்னு ஒதுக்கிடு. பொண்ணுகிட்ட நான் பேசறேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த 'ஒதுக்கிடு' என்ற சொல்தான் ஆகவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முனியம்மா என்று ஒருத்தி துணி எடுக்க வருவாள். என் தகப்பனார், அத்தாவுக்குச் சரிகை வியாபாரம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் வந்து போகிற வாசல் வழியாக அவள் வரக் கூடாது. பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். பிரசவத் துணி, தீட்டுத் துணி, மய்யித்துத் துணி எல்லாம் அவளுக்குத்தான். எங்கள் பெரியம்மா இறந்தபோது அந்தத் துணிகளைக் குச்சியால் தள்ளி மூட்டையாக்கி, சந்தில் போட்டார்கள். அவள் கையாலேயே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். இரண்டொரு நாளில் அவையெல்லாம் கொக்கு இறகாக வெளுத்து வந்தன. மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டோம். அவளுக்கு மட்டும் டீ கொடுக்கச் சந்துச் சுவரில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்ந்து கிடக்கும். அவளே கழுவி அவளே கவிழ்க்க வேண்டும். அதை எங்கள் வீட்டில் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. எங்களில் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது என்று மேடை போட்டுப் பேசுவோம். தூ! அந்த டம்ளரை நினைத்தால்தான் எனக்கு உண்மையான குமட்டல் வருகிறது.

தனி மெஷின் என்றால் தனி டம்ளர்தானே? மூன்று தண்ணீர் விட்ட பிறகும் அந்தத் துணி அழுக்குத்தான் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். முடியாது என்றேன். ஹமீது எழுந்து போய்விட்டார்.

ஆதரவுக்கு ஊருக்குப் போன் போட்டேன். சலீம் இப்போது செவிலிமேட்டில் புது வீடு கட்டியிருக்கிறான். ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிரண்ட் லோடு மெஷின், அதற்கு ஜாலர் வைத்த உறை. போன முறை போனபோது பார்த்தேன். போர் தண்ணியின் உப்பு ஏறி நாலே மாதத்தில் அது படுத்துவிட்டது. கொல்லையில் ஒரு அம்மாள் கல்லில் துவைத்துக்கொண்டிருக்க, மெஷின் ஹாலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. திறந்து பார்த்தேன், செத்த எலி நாற்றம்.

வீடியோவில் நடந்ததைச் சொன்னதும் சலீமின் பெண்டாட்டி ஷம்ஷாத் முகத்தைச் சுளித்தாள்.

"ஐய, அத்தெல்லாம் யாராவது வீட்டுக்கு எடுத்தாருவாங்களாக்கா? பச்சக் கொழந்த வந்து போற வீடு."

"மூணு தண்ணி..."

"தண்ணி கெடக்குதுக்கா" என்று சலீம் குறுக்கே வந்தான். "பொண்ணு சொல்றது கரெக்ட்டுதான். ஊருக்கெல்லாம் நீ ஏன் துவைச்சிக்கினு இருக்கே? வுட்டுட்டுப் பேத்தியைப் பாரு."

"முதல்ல உன் ஹால்ல நாறிக்கினு இருக்குதே, அதைத் தூக்கி வெளிய போடுடா" என்று போனை வைத்தேன். நான்கூட 'நாறிக்கினு' என்று பேசியது வைத்த பிறகுதான் காதில் விழுந்தது. கோபம் வந்தால் எனக்கு ஊர் திரும்பிவிடும்.

வாரங்கள் போயின. ஸாரா வரவில்லை. நிலோஃபர் போனில் காட்டினாள், குழந்தை திரையை நக்கியது. காப்பகத்தில் சளி பிடித்து, காதில் சீழ் வந்து, அதற்கு மருந்து. பேசாமல் விட்டுக்கொடுத்துவிடலாமா என்று உருளை மெஷினைப் பார்த்தபடி நின்ற நாட்கள் உண்டு. பீட்டருக்குப் போன் செய்தால் அன்றைக்கே வண்டியோடு வந்துவிடுவார். குழந்தையின் உச்சந்தலை வாசம் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த அலுமினிய டம்ளரும் கூடவே வந்து நின்றது.

6

ஜைனப் மாமி போன வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

குளிப்பாட்ட யார் வருவார்கள்? நான்தான் போனேன். கூட வந்த இரண்டு பெண்களிடமும், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமும் அவருடைய எச்சில் டம்ளரைக் கண்டு முகத்தைத் திருப்பியவள், அவருடைய வாயைத் துண்டின் நுனியால் துடைத்தேன். உதட்டோரத்து வெற்றிலைக் கறை மட்டும் போகவில்லை. எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், குழியில் கேள்வி கேட்க வரும் மலக்குகளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா என்று அப்படியே கபன் துணியால் சுற்றினோம். அடக்கம் முடிந்து துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை கராஜில் அதைத்தான் அலசிக்கொண்டிருந்தேன். முதல் தண்ணீர் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது தண்ணீரில் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உருளையில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. நிலோஃபர். இடுப்பில் ஸாரா. மாமி இறந்த செய்தியை ஹமீது போன் செய்து சொல்லியிருக்கிறார். அழுது அழுது மகளின் முகம் வீங்கியிருந்தது. மாமி கையால் உண்டு வளர்ந்த பிள்ளை அல்லவா? மெஷினைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தாள்.

"எதும்மா மாமியோடது?"

"எல்லாமே."

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். 

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? நானும் வந்து தண்ணி ஊத்தியிருப்பேன்."

"உனக்குக் கூசும்னு நெனச்சேன்."

 மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சட்டென்று குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இவளைப் பிடிம்மா. மிச்சத்தை நான் பிழியறேன்."

எத்தனை நாள் கழித்து! குழந்தை என்னை அடையாளம் கண்டு இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அதன் விரல் என் முகத்துக்கு வந்துவிட்டது. என் கைகள் முழங்கை வரைக்கும் ஈரம். மூன்றாவது தண்ணீரின் ஈரம். என் சட்டப்படி அந்தக் கை பாக்.

நான் பின்னால் நகர்ந்தேன். கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"இரு, இரு. கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்துவிட்டது. குழந்தையை நீட்டியபடியே நின்றாள். கோபமோ கேலியோ அவள் குரலில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இதைத்தானம்மா நானும் சொன்னேன்."

 உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிவிட்டுத்தான் பேத்தியை வாங்கினேன்.